பயந்தவர் ஓட்டு செல்லாது

முதலில் அந்தக் கைப்பிடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் அர்த்தனாரியை நான் எப்படி மண்ணைக் கவ்வ வைத்தேன் என்பது யாருக்கும் விளங்காது.

எங்கள் ஊர் கருவேலம்புதூர். வீட்டுக்கு வீடு தறி, தெருவுக்குத் தெரு ரிக் வண்டி. ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. எங்கள் ஆண்பிள்ளைகள் அதில் ஏறிப்போனால் வடநாடெல்லாம் துளை போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். என் பெயர் கோகிலவாணி. அப்பா விட்டுப்போன லேத் பட்டறையில் ரிக் வண்டிகளின் தேய்ந்த பிட்டுகளை, அதாவது பாறையைத் துளைக்கிற முனைகளைத் தீட்டிக் கொடுக்கிறேன். எனக்கென்று இருந்தது ஒரே தம்பி, கவியரசு. அர்த்தனாரியின் ரிக் வண்டியில் டிரில்லராகப் போனான், பெட்டியில் திரும்பி வந்தான்.

ரிக் வண்டியின் உயிர் கம்ப்ரசர். அதிலிருந்து காற்று ஒரு தடித்த ஹோஸ் வழியாகப் பாய்ந்து பூமிக்குள் பிட்டை இறக்கும். அந்த ஹோஸ் நைந்துபோய்விட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று கவியரசு முதலாளியிடம் போனிலேயே கேட்டிருக்கிறான். "கயிறு சுத்தி ஓட்டுடா, சீசன் முடியட்டும்" என்று அர்த்தனாரி சொல்லியிருக்கிறான். இதைக் கவியரசு வீடியோ காலில் தன் பெண்டாட்டி மௌனிகாவிடம் சொல்லி, கயிறு சுற்றிய ஹோஸையும் காட்டிக்கொண்டிருந்தான். காட்டிக்கொண்டிருக்கும்போதே அது வெடித்தது. டொம் என்று ஒரு சத்தம், பின்னால் நீளமாக ஒரு சீறல். அவள் போனில் பார்த்தாள்.

வண்டியில் இருந்த மற்ற அத்தனை பேரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு வேண்டுமே. மௌனிகா ஒருத்திதான் சாட்சி. ஆனால் அர்த்தனாரி நகர மன்றத் தலைவர். நாற்காலியில் இருந்தபோது செய்ததற்கு வழக்கு நடத்த மன்றத்தின் அனுமதி வேண்டுமாம். மன்றத்தில் இருக்கிற அத்தனையும் அவனுடைய அல்லக்கை. ஆகவே வழக்கு படுத்துவிட்டது. அவன் தோற்றால்தான் அது எழுந்திருக்கும். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். எதிர்த்து நின்ற ஓமியோபதி டாக்டர் சத்தியசீலன் ஜெயித்து என்ன கிழிப்பார் என்பதைப் பற்றி எனக்குத் துளிகூடக் கவலை இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கைப்பிடி வந்தது.

பள்ளிக்கூடத்தில் விளக்கக் கூட்டம் போட்டார்கள். தேர்தல் அலுவலகத்திலிருந்து அக்‌ஷயா என்று ஒரு பெண் வந்திருந்தாள். மேசைமேல் ஓட்டு இயந்திரம் இருந்தது. பொத்தான்கள் பழையபடிதான். பக்கத்தில் மட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிப்பது மாதிரி வெள்ளையாக ஒரு கைப்பிடி.

"இடது கையால இதைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால பொத்தானை அழுத்தணும்" என்றாள் அக்‌ஷயா. "உங்க நாடித்துடிப்பு, உள்ளங்கை வேர்வை எல்லாத்தையும் பாத்து, நீங்க பயந்துக்கிட்டுப் போடறீங்களா நிம்மதியாப் போடறீங்களான்னு இது சொல்லிடும். நிம்மதியாப் போட்டா பச்சை விளக்கு. பயந்து போட்டா மஞ்சள். மஞ்சள் விழுந்த ஓட்டை எண்ண மாட்டோம்."

"அதெதுக்குங்க எண்ண மாட்டீங்க?" என்று ஒரு அம்மா கேட்டாள். பெயர் சரோஜினி, எங்கள் தெருவில் தறி ஓட்டுகிறவள்.

"மிரட்டி வாங்கின ஓட்டு ஓட்டே இல்லைன்னு சட்டம் வந்திருக்குங்கம்மா. இனிமே யாரும் யாரையும் மிரட்டிப் பிரயோஜனம் இல்ல."

அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மிரட்டுகிற ஒருத்தனையாவது அவள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாளா என்று தெரியவில்லை.

சரோஜினி விடவில்லை. "எனக்குத் தைராய்டுங்க. யாரும் மெரட்டாட்டியும் கையி வேர்த்துட்டுத்தான் இருக்கும். நானெல்லாம் எப்பிடி ஓட்டுப் போடறதுங்க?"

"அதுக்குத்தான் மூணு வழி இருக்குங்க. மொதல்ல முன்வாக்கு. தேர்தலுக்கு முன்னாடி ஒரு வாரம் தாலுகா ஆபீஸ்ல மெஷின் இருக்கும். மஞ்சள் விழுந்தா மறுநாள் வந்து மறுபடி போடலாம், பச்சை விழற வரைக்கும். அடுத்தது அஞ்சல். கவரோட ஒரு பட்டை வரும். அதை மணிக்கட்டுல ஒட்டிக்கிட்டு, இருக்கற எடத்துலயே குறி போட்டு, பட்டையையும் சேத்து அனுப்பிடணும். கடைசியா, தேர்தலன்னைக்கு நேர்ல வந்து போடறது. ஆனா நேர்ல வந்தா ஒரே வாய்ப்புத்தான்."

நான் எழுந்து நின்றேன். "கண்ணு, ஆத்திரத்துல போட்டா என்ன நெறம் உழுகும்?"

"ஆத்திரமா?"

"ஆமா. ஒருத்தனைக் கண்டந்துண்டமா வெட்டிப் போடோணும்ங்கற ஆத்திரம்."

அக்‌ஷயா கொஞ்சம் யோசித்தாள். "பச்சைதாங்க. இது பயத்தை மட்டுந்தான் பாக்கும்."

போதும் என்று உட்கார்ந்தேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். "கோர்ட்டுலயும் சாட்சிக் கூண்டுல இதை வைக்கப் போறாங்க. அங்க மஞ்சள் விழுந்தா, யாரைப் பாத்துப் பயப்படறேன்னு ஜட்ஜ் கேப்பாங்க. சொல்ற ஆளை வெளிய அனுப்பிட்டுத்தான் சாட்சியை எடுப்பாங்க. இங்க நாங்க கேக்க மாட்டோம். ரகசிய ஓட்டு இல்லையா."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவுதான். மௌனிகா கூண்டில் நிற்கிறாள். மஞ்சள் விழுகிறது. யார் என்று ஜட்ஜ் கேட்கிறார். அவள் விரலை நீட்டி அர்த்தனாரியைக் காட்டுகிறாள். ஊரே பார்க்க அவன் முகம் கறுத்துப்போகிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு நான் நிம்மதியாகச் செத்துப்போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தேர்தலில் அர்த்தனாரி என்ன செய்தான் தெரியுமா? வடக்குத் தெரு அவனுடைய கோட்டை. அங்கே இருக்கிறவர்களையெல்லாம் வேன் வைத்து தாலுகா ஆபீசுக்கு அனுப்பி, முன்வாக்குப் போட வைத்துவிட்டான். தேர்தல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றது முழுக்கத் தெற்குத் தெரு, அதாவது நாங்கள். தறியை நிறுத்திவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைய எங்களுக்குக் கட்டுபடியாகாது. எதிரில் அவனுடைய ரிக் லாரி ஒன்று சும்மா நின்றது. யாராவது சாவடிக்குள் நுழையும்போதெல்லாம் அவனுடைய மேனேஜர் கம்ப்ரசர் வால்வைத் திறந்து ஏர் விட்டான், அதாவது அடைத்து வைத்த காற்றை ஒரே வீச்சில் வெளியே விட்டான்.

டொம். பின்னால் ஒரு சீறல்.

எங்கள் தெருவில் அந்தச் சத்தத்தில் விரலைப் பறிகொடுத்தவன் இருக்கிறான், காலைப் பறிகொடுத்தவன் இருக்கிறான், புருஷனைப் பறிகொடுத்தவள் இருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்த கையெல்லாம் வேர்த்துப்போனது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். புகார் கொடுக்கப் போனால், "வண்டி நிக்குது, ஏர் லீக் ஆகுது, இதுல என்னம்மா தப்பு?" என்றார் வந்திருந்த அதிகாரி. ஒருத்தனையும் மிரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டலை ஒழிக்க வந்த இயந்திரத்தை வைத்தே அவன் எங்கள் ஓட்டைத் தின்றுவிட்டான். ஜெயித்து, மாலை போட்டுக்கொண்டு ஜீப்பில் போகும்போது என் பட்டறையைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டான். வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த தேர்தல் வரும்வரை அந்த எரிச்சலை அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

வழி சொல்லிக்கொடுத்தது சரோஜினியின் பேத்தி, தொட்டிலில் கிடந்த குழந்தை. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு தறி தடதடவென்று ஓடுகிறது, காதில் விரலை வைத்துக்கொள்ளலாம் போல. குழந்தை நடுவில் சொகுசாகத் தூங்குகிறது. திடீரென்று கரண்ட் போனது. தறி நின்றது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டது.

"தறி நின்னா எந்திரிச்சுக்கும்ங்க்கா. பொறந்ததுல இருந்து இந்தச் சத்தந்தான?" என்றாள் சரோஜினி.

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. எதுவும் தினம் கேட்டால் தாலாட்டாகிவிடும். அப்படியானால் அர்த்தனாரியின் சத்தத்தையும் தாலாட்டாக்கிவிடலாம்.

பட்டறையில் ஒரு பழைய கம்ப்ரசர் கிடந்தது. அதைப் பிரித்து மாட்டி ஓடவைத்தேன். வாசலைப் பார்த்து ஒரு வால்வு. காலையில் ஒருதரம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஒருதரம், பொழுது சாய ஒருதரம் ஏர் விட்டேன். முதல் நாள் தெருவே திரண்டு சண்டைக்கு வந்தது. "உனக்கென்ன கிறுக்கா?" என்றார்கள். "ஓட்டு வேணுமா வேண்டாமா?" என்றேன். தறிக் குழந்தையைக் காட்டி விளக்கினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

பிறகு பழகிப்போனது. நாய்கள் குரைப்பதை நிறுத்தின. குழந்தைகள் சத்தம் வந்ததும் கைதட்டி ஆடின. "கோகிலாக்கா ஏர் உட்டாச்சு, பாலு வாங்கப் போலாம்" என்று பேச்சாகிவிட்டது. மத்தியான ஏர் கேட்டால்தான் தறியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பழகாதது ஒருத்திக்குத்தான்.

மௌனிகாவின் வீடு என் பட்டறையை ஒட்டியது. முதல் நாள் சத்தம் கேட்டதும் கையிலிருந்த குழம்புச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு அடுப்படி மூலையில் போய் ஒண்டிக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்தும் அப்படியேதான். ஏர் விடுகிற நேரம் நெருங்கினாலே முந்தானையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் பட்டறைக்கு வந்தாள். எங்கள் பக்கம் புருஷனின் அக்காளை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, அத நிறுத்தீருங்க."

"தேர்தல் முடியற வரைக்கும் பொறுத்துக்க கண்ணு. எல்லாருக்கும் பழகலையா? உனக்கும் பழகிக்கும்."

"எனக்குப் பழகாதுங்க. ஒவ்வொரு தடவையும் அவரு சாகறாரு."

"அவன் செத்ததுக்குத்தான் நான் இத்தனையும் பண்றேன். உனக்கு அந்த ஆத்திரம் இருந்தா இந்தச் சத்தம் ஒரு பெரிய விஷயமா?"

அவள் என் கையைப் பார்த்தாள். வால்வின் மேல் இருந்தது. "இதைப் புடிச்சுட்டு நிக்கறப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க நங்கையா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் நிறுத்தவில்லை. ஒருத்திக்காக நிறுத்தினால் தெரு முழுக்கத் திரும்ப மஞ்சள் விழும். மறுவாரம் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். ஓட்டை அஞ்சலில் போட்டுக்கொள்கிறேன் என்று சரோஜினியிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். என்னிடம் சொல்லவில்லை. போகட்டும், அர்த்தனாரியைக் கூண்டில் ஏற்றிய பிறகு சமாதானம் ஆகிவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

தெற்குத் தெருவுக்குப் பயம் போய்விட்டது. ஆனால் அது பாதி வேலைதான். வடக்குத் தெருக்காரர்களின் ஓட்டு முன்வாக்காகப் பத்திரமாகப் பச்சையில் விழுந்துகொண்டிருந்தால் எனக்கு என்ன லாபம்? அவர்களையும் பள்ளிக்கூட வரிசைக்கு இழுத்து வர வேண்டும்.

எங்கள் ஊர் ஆம்பளைகளை எதைச் சொல்லியும் அசைக்க முடியாது, ஒன்றைத் தவிர. பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

டீக்கடையில் ஆரம்பித்தேன். டீ குடிக்க வந்த ஆட்களிடம், "வடக்குத் தெரு ஆம்பளைங்களுக்கு ஒரே நாள்ல பச்சை உழுகறதில்லையாமா? ஒரு வாரம் டைம் குடுத்தாத்தான் உழுகுமாமா? பாவம்" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தானாகவே வடக்குத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் அவர்களுக்கு 'ஒரு வாரக்காரங்க' என்று பெயரே வந்துவிட்டது. சலூனில் முடி வெட்டப் போனால் கேலி, கறி விருந்துக்குப் போனால் கேலி. வடக்குத் தெரு மாப்பிள்ளை ஒருத்தனைப் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் சித்தி, "மாப்பள நேர்ல போடறவருங்களா, முன்னாடியே போய்ப் போட்டுக்கறவருங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சம்பந்தம் நின்றேபோனது. அந்தச் சித்திக்கு நான் ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தேன்.

முன்வாக்கு வாரம் வந்தது. அர்த்தனாரியின் வேன் வடக்குத் தெருவில் போய் நின்றது. ஹாரன் அடித்தது. ஒருத்தன் ஏறவில்லை. "நாங்க என்ன பொட்டச்சிகளா? தேர்தலன்னைக்கே வந்து போடறமுங்க" என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அர்த்தனாரிக்கும் அதைக் கேட்டு உச்சி குளிர்ந்துபோனதாம். நம் ஆட்கள் என்றால் சும்மாவா என்று மீசையைத் தடவிக்கொண்டானாம். அவனும் நேரில் வந்து போடுவதாக அறிவித்துவிட்டான். ஆனால் லாரியைப் பற்றி மேனேஜரிடம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. போன தடவை வேலை செய்த வித்தைதானே.

தேர்தல் அன்று நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். பள்ளிக்கூட வாசலில் இரண்டு வரிசை. ஒன்றில் எங்கள் தெரு. மற்றதில் வடக்குத் தெரு, வெள்ளை வேட்டியும் முறுக்கின மீசையுமாக. எதிரில் லாரி.

முதல் ஏர் வெடித்தது.

எங்கள் வரிசையில் பேச்சுக்கூட நிற்கவில்லை. சரோஜினி மட்டும் வெயிலை அண்ணாந்து பார்த்து, "சோத்து நேரம் ஆகலையே, அதுக்குள்ள உட்டுட்டான்?" என்றாள். வடக்குத் தெரு வரிசை தூக்கிவாரிப்போட்டுக்கொண்டு நின்றது. அவர்கள் முதலாளிமார், ரிக் வைத்திருப்பவர்கள். லாரியோடு போய் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை. அது யாரைக் கொன்றது என்பது மட்டும் தெரியும். அடுத்தது எப்போது என்று தெரியாமல் லாரியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே வரும்போது முகமெல்லாம் தொங்கிப்போயிருந்தது. கேட்கவே வேண்டாம், மஞ்சள்.

நான் உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். கவியரசுவின் முகத்தை நினைத்துக்கொண்டு அழுத்தினேன். பச்சை.

அர்த்தனாரி வந்து இறங்கியபோது அவனுடைய ஆள் ஒருத்தன் ஓடிப்போய்க் காதில் என்னவோ சொன்னான். அவன் லாரியைப் பார்த்து, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினான். கம்ப்ரசர் இரைச்சலில் மேனேஜருக்குக் கேட்கவில்லை. முதலாளி இன்னும் வேகமாக விடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சளைக்காமல் விட்டான். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான காட்சியை நான் பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நாக்கில் இனிக்கிறது.

அவன் தோற்றான். டாக்டர் சத்தியசீலன் பயந்துகொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கூட்டத்திலேயே வழக்குக்கு அனுமதி கொடுக்க வைத்தேன்.

சாட்சி விசாரணை அன்று கோர்ட்டில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். அர்த்தனாரி எனக்கு நேர் எதிரில். அவன் முகத்தைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. என் கனவில் பார்த்த அதே இடம், அதே கூண்டு, அதே வெள்ளைக் கைப்பிடி. மௌனிகா ஏறி நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். ஜட்ஜ் ஒரு நடுத்தர வயது அம்மாள்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கம்மா. உன் கணவர் கடைசியா என்ன பேசினார்?"

மௌனிகா வாயைத் திறந்தாள். கூண்டின் மேல் மஞ்சள் எரிந்தது.

எனக்குள் அப்படி ஒரு குதியாட்டம். கேளுங்கள், கேளுங்கள் என்று மனசுக்குள் ஜட்ஜை அவசரப்படுத்தினேன்.

"பயப்படாதம்மா. இந்த அறையில யாரைப் பாத்து உனக்குப் பயம்? விரலைக் காட்டினாப் போதும்" என்றார் ஜட்ஜ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக விரல் எழுந்தது. நான் அர்த்தனாரியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கறுக்கவில்லை. அதில் ஒரு ஆச்சரியம் வந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ற நங்கையாளைப் பாத்துங்க" என்றாள் மௌனிகா.

"குற்றம் சாட்டப்பட்டவரோட அக்காவா?"

"இல்லீங்க. என்ற புருஷனோட அக்கா. அவங்க இருந்தா அந்தச் சத்தம் வந்துருமுங்க."

நான் எழுந்து, "ஏ அம்மிணி, நான் யாருக்காகப் பண்ணுனேன்" என்று ஆரம்பித்தேன். மஞ்சள் விளக்கு விடாமல் மின்ன ஆரம்பித்துவிட்டது. ஜட்ஜ் கையைக் காட்டினார். ஒரு பெண் போலீஸ் என் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விட்டு, கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவு கெட்டிக் கதவு. காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் அர்த்தனாரியின் டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து அரசு வக்கீல் வெளியே வந்தார். "நீங்க போனதும் பச்சை விழுந்துருச்சும்மா. எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஹோஸ், கயிறு, போன்ல சொன்னது, ஒண்ணு விடல. அர்த்தனாரியை நேருக்கு நேராப் பாத்துத்தான் சொல்லுச்சு. கை ஆடவே இல்ல. அந்தாளு மூஞ்சி செத்துப்போச்சு."

"எப்பிடிச் செத்துப்போச்சு?" என்று கேட்டேன்.

அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. "செத்துப்போச்சும்மா, அவ்வளவுதான்" என்றார்.

தண்டனை கிடைத்தது. அவனைப் பின்வாசல் வழியாக வண்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் திரும்பத் தேர்தல் அறிவித்தார்கள். அர்த்தனாரி அப்பீல் போட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். அவன் நிற்க முடியாது, மைத்துனனை நிறுத்தியிருக்கிறான். அக்‌ஷயா இப்போது பெரிய அதிகாரி. என் பட்டறைக்கு அவளே வந்தாள், கையில் அஞ்சல் கவரோடு.

"எல்லாருகிட்டயும் முன்வாக்கா, அஞ்சலா, நேர்லயான்னு கேக்கறோம். உங்களுக்கு மட்டும் அஞ்சல்தாங்க. சாட்சி யாரைப் பாத்துப் பயந்தாங்கன்னு கோர்ட்டு பேர் எழுதியிருக்கோ அவங்க சாவடிப் பக்கம் வரக்கூடாது. அந்தம்மா ஊருக்குள்ள வந்தா அவங்க கிட்டயும் போகக்கூடாது."

"இந்த ஊருல அப்பிடி எத்தனை பேரு?"

"நீங்க ஒருத்தர்தாங்க."

"அர்த்தனாரி?"

அவள் தர்மசங்கடமாகப் பார்த்தாள். "அவர் பேரை இதுவரைக்கும் யாரும் சொல்லலீங்களே. அவர் நேர்லயே போடலாம்."

சிரிப்பதா, சுத்தியலை எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. கவரை வாங்கிக்கொண்டேன். பட்டையை மணிக்கட்டில் ஒட்டி, மைத்துனனுக்கு எதிராகக் குறி போட்டேன். பட்டை நிறம் மாறியது. பச்சை. எனக்கு எப்போதும் பச்சைதான்.

தேர்தல் இன்றைக்கு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, தெருக்கோடியில் தெரிகிற பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து மௌனிகா இறங்கினாள். அஞ்சல் வேண்டாம் என்று இந்தத் தடவை நேரிலேயே வந்துவிட்டாள். பட்டறைப் பக்கம் திரும்பாமல் போய் வரிசையில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அர்த்தனாரி வந்து, அவளுக்கு நாலைந்து பேர் பின்னால் நின்றான். நரைத்துப்போயிருந்தான்.

மத்தியான ஏர் விடுகிற நேரம்; தெரு கேட்கிறதே என்று போன தேர்தலுக்குப் பிறகும் அதை நான் நிறுத்தவில்லை. என் கை பழக்கத்தில் வால்வின் மேல் போய்விட்டது. போன தேர்தலுக்குப் பிறகு அந்தச் சத்தம் என்றாலே அவனுக்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு திருகு திருகினால் போதும், அவன் ஓட்டு மஞ்சள். அவனைக் கைப்பிடியோடு நடுங்க வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் மௌனிகா அவனுக்கு முன்னால் நின்றாள்.

கையை எடுத்துவிட்டேன். எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் போடப்போவது அவனுக்கு எதிரான ஓட்டு, அதை மஞ்சளாக்க எனக்கென்ன பைத்தியமா? அவ்வளவுதான் காரணம். அவள் உள்ளே போனாள். வெளியே வந்தாள். மை வைத்த விரலைப் பார்த்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது.

பஸ் வந்து அவள் ஏறிப் போகும்வரை ஷட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சரோஜினி வீட்டுக்குள் தறியை நிறுத்தாமலே, "என்னாச்சுங்க்கா, இன்னைக்குச் சோத்துக்கு ஏர் உடலையா?" என்று கத்திக் கேட்டாள்.